சோளகத்துக்கு முந்தி

கொழும்பில் விதை போடுகிறவர் மாசி மாதத்தைத் தவறவிடக் கூடாது. தைப்பொங்கல் கழிந்து இரண்டு மூன்று கிழமையில் வாடைக்காற்றின் குளிர் விடியற்காலையில் மட்டும் மிஞ்சி நிற்கும். பகலில் நல்ல வெயில். மதிலோரம் எங்காவது ஒரு முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். குயில் கூவத் தொடங்கும். முள்முருக்கை எரபது என்றும் குயிலைக் கொஹா என்றும் சொல்லும் சிங்களச் சனம், அது பூத்ததையும் இது கூவியதையும் வைத்துப் புத்தாண்டு நெருங்கிவிட்டதென்று சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டும் மண்வெட்டியை எடுக்கச் சொல்லும் அறிவிப்பு. கிழமைக்கு ஆறு நாள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிமாடியாக ஏறித் தோட்டம் செய்து கொடுப்பது என் தொழில். அந்தத் தொழிலில் ஆண்டு பிறப்பது மாசியில்தான்.

காரணம் மழையும் காற்றும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. சித்திரை வைகாசியில் ஒரு உச்சம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு உச்சம். வைகாசிக் கடைசியில் சோளகம் எழும்பினால் ஆவணி, புரட்டாதி மட்டும் கடலிலிருந்து காற்று ஓயாது. வெண்டி நாற்பத்தைந்து ஐம்பது நாளில் முதல் காய் தரும். பயிற்றைக்கு அதைவிடச் சில நாள் கூட. மாசி பிறந்ததும் விதைத்தால் பங்குனிக் கடைசியில் வெண்டி ஒடிக்கலாம், சித்திரை மழையில் செடி மதர்த்து நிற்கும், சோளகம் வந்து இலையைக் கருக்கும்போது அது தன் விளைச்சலைக் கொடுத்து முடித்திருக்கும். சித்திரை வருடப் பிறப்புக்கு வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் இப்படி ஒன்று செய்து தாங்கோ" என்று கேட்பார்கள். அப்போது பிந்திவிட்டிருக்கும். அவர்களுக்கு நான் புரட்டாதிக் கடைசியைத்தான் சொல்லுவேன். இரண்டாவது வாசல் அது. ஐப்பசி மழையில் வேர் பிடித்து, மார்கழி தையில் காய்க்கும்.

நான் பிறந்தது யாழ்ப்பாணத்து உரும்பிராயில். செம்மண், கிணறு, துலா. ஐயா வெங்காயமும் மிளகாயும் செய்தவர். 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிடைத்த விலையில் எங்கள் பகுதியில் பல கல்வீடுகள் எழும்பின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு அந்த விலை விழுந்ததையும் அவர் பார்த்தார். தொண்ணூறுகளின் நடுவில், போரால் வந்த இடப்பெயர்வுக்குப் பிறகு, நான் கொழும்புக்கு வந்தேன். முதலில் கடை வேலை. பிறகு வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்காரர் பின்வளவைத் துப்புரவாக்கக் கூப்பிட்டார். அங்கே நின்ற கறிவேப்பிலை மரத்தைப் பார்த்து இரண்டு யோசனை சொன்னேன். அதிலிருந்துதான் இந்த வேலை.

ஐயாவிடம் கற்றதில் பாதி இங்கே செல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் தண்ணீரைப் பாத்திக்குக் கொண்டுவருவதே வேலை. கொழும்பில் அதை வெளியேற்றுவது வேலை. எங்கள் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. கொழும்பு மண் கபுக் கல் கலந்த புளிப்பு மண். ஊரில் ஒருவரும் மிளகாய்க்குச் சுண்ணாம்பு போட்டதில்லை. இங்கே டொலமைற் ஒரு பிடி போடாவிட்டால் செடி வெளிறிப் போய் நிற்கும். சாடியின் அடித் துளை அடைபட்டால் ஒரே ஒரு சித்திரைப் பெருமழையில் கத்தரி வேர் அழுகிவிடும். அதனால் சாடிக்கு அடியில் கைப்பிடி அளவு செங்கல் துண்டும், அதற்கு மேல் பொச்சு மட்டையும் போட்ட பிறகுதான் கலவை போடுவேன். சின்ன வேலைதான், ஆனால் கொழும்பில் செத்த செடிகளில் பெரும்பாலானவை தண்ணீர் கூடிச் செத்தவை. "வாடுது, இன்னும் ஊத்தட்டோ?" என்று ரெலிபோனில் கேட்பவர்களிடம் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுவேன். வேர் அழுகிய செடியும் தண்ணீரில்லாத செடியும் ஒரே மாதிரித்தான் வாடும்.

வெள்ளவத்தையில் முன்னர் தனி வீடுகள் இருந்தன. பலா, ஈரப்பலா, மா, முருங்கை நின்ற வளவுகள். 1983 ஆடி வன்செயலில் தமிழருடைய வீடுகள் பல எரிந்தன. விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. பின்வந்த ஆண்டுகளில் வளவுகள் தொடர்மாடிகளாயின. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் இன்று நிலத்தில் மண் தெரிவது அபூர்வம். மண் இருக்கிற இடம் மொட்டை மாடி, பல்கனி, படிக்கட்டு மூலை. அதில் செய்வதும் கமம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பூச்சாடியை அழகுக்கு வைக்கிறவர்களோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு குடும்பம் கிழமையில் இரண்டு கறிக்குத் தன் மாடியிலிருந்து எடுக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மாடியில் முதல் கணக்குப் பாரம். ஈரமான தோட்டமண் ஒரு கன மீற்றர் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் நிறுக்கும். ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைப் பரப்பிவிட்டால் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ அரைத் தொன் ஏறி நிற்கும். வீட்டு மாடிகள் அதற்காகக் கட்டப்படுவதில்லை. லொறியில் மண் இறக்கி மாடியை வயலாக்க வேண்டுமென்று கேட்ட வீடுகளில் நான் வேலையை ஏற்கவில்லை. என் கலவையில் மேல்மண் மூன்றில் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. தும்புத்தூள் பாரமில்லாதது, தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்த பிறகே பாவிப்பேன். கனமான சாடிகளைத் தூண்களுக்கும் சுவர்களுக்கும் மேலே வரும்படி ஓரங்களில் வைப்பேன். நடுவில் கீரைப் பெட்டிகள் மட்டும்.

இரண்டாவது கணக்கு உப்பு. கடலோர றெயில் பாதைக்கு அருகிலுள்ள மாடிகளில் சோளகம் வீசும்போது கம்பியில் கைவைத்தால் பிசுபிசுக்கும். அதே உப்பு இலையிலும் படியும். ஓரம் தீய்ந்து, பிறகு முழு இலையும் காய்ந்துவிடும். கடல் பக்கத்துச் சுவரோரம் நான் முதலில் வைப்பது செடியை மறைக்கும் செடி. அலரி, போகன்வில்லா, கற்றாழை, பெரிய பீப்பாய் கிடைத்தால் பூவரசு. இவை காற்றைக் கிழித்துவிடும். அவற்றுக்குப் பின்னால் முருங்கை. அதற்கும் பின்னால்தான் மிளகாயும் கத்தரியும். மழை பெய்யாத நாட்களில் பின்னேரம் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். இதற்கு மருந்துக் கடையில் வாங்கக்கூடிய ஒரு போத்தலும் இல்லை.

மாடித்தோட்டத்தில் என்னை இன்னும் ஆச்சரியப்படுத்துவது பூ. ஊரில் கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டால் மிச்சத்தைப் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும். ஐந்தாம் ஆறாம் மாடியில் பூச்சி வருவது குறைவு. வெண்டியும் பயிற்றையும் மிளகாயும் தங்கள் பூவுக்குள்ளேயே கருக்கட்டிக்கொள்ளும், கவலையில்லை. கத்தரிப் பூவுக்கு ஒரு அதிர்வு வேண்டும். ஊரில் வண்டு வந்து தொங்கி நடுக்கும். இங்கே காலையில் காம்பை விரலால் சுண்டிவிடச் சொல்லுவேன். பூசணியிலும் பாகலிலும் புடோலிலும்தான் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஹம்டன் ஒழுங்கையில் ஒரு அம்மா இதைப் பற்றிக் கேட்டது நினைவிருக்கிறது.

"தம்பி, பூக்குது பூக்குது, ஒரு பிஞ்சும் நிக்குதில்லை. விதை பிழையோ?"

"விதையில பிழையில்லை அம்மா. இதெல்லாம் ஆண் பூ. முதல்ல இதுதான் வரும். பெண் பூ வரேக்க பூவுக்குப் பின்னால குட்டிப் புடலங்காய் தெரியும். கண்டவுடன சொல்லுங்கோ, பொழுதுபட வாறன்."

"ஏன் பொழுதுபட? காலமை வாவன்."

"புடோல் இருட்டினாப் பிறகுதான் அம்மா பூக்கும்."

அவர் நம்பவில்லை. பெண் பூவைக் கண்டு கூப்பிட்ட அன்று, இருட்டியதும் ரெலிபோன் வெளிச்சத்தில் நானும் அவரும் அந்தப் பந்தலுக்குக் கீழே நின்றோம். புடோல் பூ பகலில் சுருண்டு கிடக்கும். இருட்டத் தொடங்கினால் வெள்ளை இதழ்களின் ஓரத்திலிருந்து நூல் நூலாக விரியும். அது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிக்கான பூ. ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டு எடுத்தேன். மற்றப் பூவை அவரே தொட்டார். இரண்டு கிழமையில் அந்தக் காய்களின் நுனியில் நூலில் கட்டிய சின்னக் கல் தொங்கியது, காய் வளையாமல் நீள. பூசணிக்கு இந்த வேலையைக் காலையில், வெயில் ஏற முன் முடித்துவிட வேண்டும். ஒன்பது பத்து மணிக்கு அந்தப் பூ வாடத் தொடங்கும். பாகலில் பிஞ்சு நின்ற அன்றே கடதாசிப் பை போட்டுக் கட்ட வேண்டும். பழ ஈ அதில் முட்டை குத்தினால் காய் உள்ளேயே புழுத்துப் பழுத்துவிடும். பழைய 'வீரகேசரி'த் தாள் இதற்கு மிக நல்லது.

கொட்டாஞ்சேனை வேறு உலகம். புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றியும் ஜம்பட்டா வீதியின் கிளைச் சந்துகளிலும் வீடுகள் ஒன்றோடொன்று தோள் முட்டி நிற்கின்றன. உப்புக் காற்று அவ்வளவு இல்லை. வெயிலும் இல்லை. பல முற்றங்களில் காலை பத்து மணிக்கு விழும் வெயில் இரண்டு மணிக்குப் போய்விடும். அங்கே போய் தக்காளி, மிளகாய் என்று ஆசை காட்டுவது நியாயமில்லை. வல்லாரை, பொன்னாங்காணி, றம்பை, கற்பூரவள்ளி, நிழலில் நிற்கும் அந்தூரியம், இவைதான் அங்கே சரி. சுவரில் ஒரு கயிறு கட்டினால் பசளி அதைப் பிடித்துக்கொண்டு வெயிலைத் தேடி மேலே ஏறும், கீழே நின்று இலை பறிக்கலாம். அந்த வீடுகளில் சாடி வாங்கக் காசு செலவழிக்க மாட்டார்கள். பெயின்ற் வாளி, உடைந்த பேசின், அரிசிச் சாக்கு. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று முளைத்திருக்கும். கறிவேப்பிலைக்கு மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுவது அங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அந்த மரங்களின் இலை அடர்த்தியைப் பார்த்த பிறகு வெள்ளவத்தையில் மீன் சமைக்கிற வீடுகளுக்கெல்லாம் நான் அதையே சொல்லிக் கொடுத்தேன். சைவச் சாப்பாட்டு வீடுகளுக்குப் புளித்த மோர்.

"அண்ணே, எங்க வீட்டுக்கெல்லாம் தோட்டம் வருமா, எடமே இல்லையே?" என்று ஒரு தையல்காரத் தங்கை கேட்டாள். அவள் வீட்டுச் சன்னல் கம்பியில் கொழுவிய போத்தல்களில் இன்று வல்லாரை நிற்கிறது. காலையில் பிள்ளைகளுக்குச் சம்பல் அதிலிருந்து.

நுளம்பைப் பற்றிச் சொல்லாமல் கொழும்பில் தோட்டம் பற்றி எழுத முடியாது. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு ஆனி ஆடியில் பல வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சாடிகளை எல்லாம் எறிந்துவிடச் சொன்னார்கள். பயம் நியாயமானது. நுளம்பு பெருகும் இடம் வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கும் வரும். ஆனால் குற்றவாளி செடி இல்லை, சாடிக்குக் கீழே வைக்கிற தட்டு. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். நான் தட்டுகளை முழுவதுமாக நிறுத்தினேன். சாடிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் வடிந்து காய்ந்துவிடும். மழைநீர்ப் பீப்பாய்க்கு வாய் முழுவதும் நுளம்புவலை. இலைக்கக்கத்தில் தண்ணீர் தேங்கும் அலங்காரச் செடிகளை நான் விற்பதில்லை. இன்னொன்றும் உண்டு. டெங்கு நுளம்பு பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கும் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது. கவிழ்த்து வைப்பது மட்டும் போதாது, தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ. ஐயாமார் ஏறிப் பார்த்துக் குறை சொல்லாமல் இறங்கும் மாடிதான் நல்ல மாடி என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு 2021 வந்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு தடை செய்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் வயல்களில் நடந்த சேதம் நாடறிந்தது. நான் சேதனப் பசளையை மதிப்பவன். என் கலவையில் எப்போதும் மாட்டெரு இருந்திருக்கிறது. ஆனால் எரு உக்கிச் சத்தாக மாறக் காலம் வேண்டும், அதற்கு மண்ணில் உயிர் வேண்டும். பல வருடம் இரசாயனப் பசளையில் பழகிய நிலத்தை ஒரு போகத்துக்குள் மாற்றச் சொன்னவர்கள் கமக்காரனிடம் கேட்டிருக்க வேண்டும். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். சாடிப் பயிருக்கு அந்தக் கஷ்டம் இன்னும் கூட. பத்து லீற்றர் கலவையில் எவ்வளவு சத்து நிற்கும்? தினமும் ஊற்றும் தண்ணீரோடு பாதி அடித் துளையால் போய்விடும். முன்பு கிழமைக்கொரு முறை அல்பேட் பசளைக் கரைசல் கலந்து ஊற்றினால் போதுமாக இருந்தது. அது கடையில் கிடைக்காமல் போனபோது கிளிரிசீடியா இலையை வாளியில் ஊறப்போட்டு, மீன் கழிவைச் சீனிப்பாகில் நொதிக்கவிட்டு, வாழைப்பழத் தோலை உக்கவைத்துச் சமாளித்தேன். மணம் மேல்மாடிகளுக்கு ஏறும். ஆனால் அதற்குள் எல்லோரும் சாப்பாட்டின் அருமையை அறியத் தொடங்கிவிட்டார்கள். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஜூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். என்னுடைய ரெலிபோன் அந்த மாதம் அடித்ததைப் போல் ஒருநாளும் அடித்ததில்லை. வங்கியில் வேலை செய்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வெளிநாட்டுக் காசில் வாழ்ந்தவர்கள், எல்லோரும். எல்லோருக்கும் மிளகாயும் தக்காளியும் வேண்டும். அது ஆனி மாதம். சோளகம் உச்சத்தில். கடற்கரை மாடியில் அப்போது முளைக்கும் மிளகாய் நாற்று நாலாம் இலை விடுமுன் உப்பில் கருகிவிடும். அரிசி வாங்கவே யோசிக்கிறவரிடம் விதைக்கும் பசளைக்கும் காசு வாங்கிவிட்டு, கருகிய நாற்றைக் காட்ட எனக்கு மனமில்லை.

அதனால் சந்தையில் வாங்கும் கட்டுக்கீரையில் தொடங்கச் சொன்னேன். கங்குன் கட்டில் இலையைக் கறிக்கு எடுத்துவிட்டுத் தண்டை ஒரு சாண் துண்டுகளாக ஈரக் கலவையில் குத்தினால் சில நாட்களில் வேர் விடும், மூன்று நான்கு கிழமையில் வெட்டலாம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். பொன்னாங்காணியும் அப்படியே. பசளித் தண்டும் பிடிக்கும். வற்றாளைக் கொடியின் இளம் இலை நல்ல சுண்டல். சுவருக்குப் பின்னால், காற்றுப்படாத மூலையில், பெட்டிகளில் இவை போதும். காஸ் இல்லாமல் விறகில் சமைத்த வீடுகளில் சாம்பல் கிடைத்தது. அதைப் புளிப்பு மண்ணுக்குக் கொஞ்சம் தூவச் சொன்னேன். மிளகாய்க்குப் புரட்டாதி வரட்டும் என்றேன். பொறுத்திருந்தவர்கள் அந்த மார்கழியில் பச்சைமிளகாய் பறித்தார்கள். பயிர் செய்ய விடுமுறை கொடுத்தது நல்ல எண்ணம்தான். அந்த விடுமுறை மாசியில் வந்திருந்தால் இந்தக் கரையோர மாடிகளில் நூறு மடங்கு பயன்பட்டிருக்கும்.

வெள்ளவத்தைத் தோட்டக்காரனுக்கு இன்னொரு வேலையும் உண்டு, விட்டுப்போன செடிகளைப் பார்ப்பது. நான் வந்த காலத்தில் இந்தத் தொடர்மாடிகளில் பாதிப் பேர் விசாவுக்குக் காத்திருந்தவர்கள். ஒரு மாதத்தில் போய்விடுவோம் என்று வந்து ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். பல்கனியில் ஒரு சாடியில் துளசி, ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதாவது. விசா வந்ததும் ஒரு கிழமையில் வீடு வெறுமையாகும். "தம்பி, இதை மட்டும் பாத்துக்கொள்" என்று சாடியை என்னிடம் தருவார்கள். அப்படி வந்த செடிகளே என் நாற்றுமேடையின் தொடக்கம். ஏ-9 பாதை 2002இல் திறந்திருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து முருங்கைக் கதியாலும் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்றும் பஸ்ஸில் வந்து இறங்கின. 2006 ஆவணியில் பாதை மூடப்பட்ட பிறகு, அது மறுபடி திறக்கும் வரை, விதைக்கு இந்தச் சாடிகளை விட்டால் வழி இருக்கவில்லை.

போனவர்களில் பலர் இப்போது கனடாவின் ஸ்காபரோவில் தோட்டம் செய்கிறார்கள். பங்குனியில் வட்ஸ்அப்பில் படங்கள் வரும். வெளியில் பனி கிடக்க, வீட்டுக்குள்ளே விளக்கு வெளிச்சத்தில் வெண்டி நாற்று. அங்கே உறைபனி வைகாசி நடு வரைக்கும் வரலாம். வைகாசிக் கடைசியில் விக்ரோறியா நாள் விடுமுறை வந்த பிறகே நாற்றை வெளியே வைப்பார்கள். ஐப்பசியில் மறுபடி பனி. கிடைப்பது ஐந்து மாதத்துக்கும் குறைவு. அதற்குள் பயிற்றையும் பாகலும் பந்தல் நிறையக் காய்க்கச் செய்துவிடுகிறார்கள். கறிவேப்பிலை மரம் சில்லுப் பூட்டிய சாடியில் நிற்கும், வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் வீட்டுக்குள் வந்துவிடும். இவர்களில் சிலர் ஊரில் மண்வெட்டியைத் தொட்டும் அறியாதவர்கள். அவர்களுடைய பொறுமையை நான் மதிக்கிறேன்.

அவர்களிடமிருந்து நான் கற்ற ஒன்று என் தொழிலை மாற்றியது. வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் வெளியே வைக்க மாட்டார்கள். முதல்நாள் ஒரு மணித்தியாலம் நிழலில், அடுத்தநாள் இரண்டு, பிறகு காலை வெயில் என்று ஒரு கிழமை, பத்து நாள் பழக்குவார்கள். குளிருக்கும் வெயிலுக்கும் தண்டு உறுதிப்படும். இதையே நான் உப்புக் காற்றுக்குச் செய்து பார்த்தேன். நாற்றுத் தட்டை முதலில் படிக்கட்டு மூலையில், பிறகு அலரி மறைவில், பிறகு திறந்த மாடியில் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம். கத்தரியில் பலன் நன்றாகத் தெரிந்தது. இலை சின்னதாக, தடிப்பாக வரும், காற்றில் கிழிவது குறைவு. இப்போது கடற்கரை மாடிகளுக்குப் பழக்காத நாற்று ஒன்றும் நான் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் அவசரப்பட்டாலும் சரி.

விதையைப் பற்றிக் கொஞ்சம். கடைப் பைக்கற்றில் வரும் கலப்பின விதை முதல் தரம் நன்றாகக் காய்க்கும். அதன் விதையை எடுத்துப் போட்டால் தாயைப் போல் வராது. நான் வைத்திருப்பவை பழைய இரகங்கள். ஊதாவாக நீளும் திருநெல்வேலிக் கத்தரி, எம்.ஐ. 2 மிளகாய், வீடுகளிலிருந்து வந்த பெயரில்லாத பயிற்றை. கத்தரியை மரத்திலேயே மஞ்சளாகப் பழுக்கவிட்டு, பிசைந்து கழுவி, அடியில் தங்குகிற விதையை மட்டும் எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் தடவி வைப்பேன். வெள்ளவத்தை ஈரக்காற்றில் கடதாசிப் பையில் வைத்த விதை ஒரு மழைக்காலம் தாண்டாது. இறுக்கமான மூடியுள்ள போத்தலில், அடியில் ஒரு கைப்பிடி வறுத்த அரிசி போட்டு, அதற்கு மேல் துணியில் முடிந்த விதை. அரிசி ஈரத்தை இழுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருதரம் அரிசியை மாற்ற வேண்டும். விதை கேட்பவர்களுக்குச் சும்மா கொடுப்பேன். முதல் விளைச்சலில் ஒரு காயை முற்றவிட்டு விதையைத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. திருப்பித் தருகிறவர்கள் பெரும்பாலும் கொட்டாஞ்சேனைக்காரர்.

புடோல் விதை எடுப்பதற்குத்தான் அதிக கவனம். வேறு மாடியின் புடோலோடு கலந்துவிட்டால் இரகம் கெட்டுவிடும். பொழுதுபட முன் பெண் மொட்டை நூலால் கட்டிவிட்டு, இருட்டியதும் அவிழ்த்து, அதே இரகத்தின் ஆண் பூவால் தொட்டு, மறுபடி கட்டுவேன். இப்படிக் காப்பாற்றிய ஒரு இரகம் என்னிடம் இருக்கிறது. வெள்ளைக் கோடு போட்ட கட்டைப் புடோல். இடப்பெயர்வின்போது எங்கள் பக்கத்து ஊர் அம்மா ஒருவர் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து, பல்கனியில் வளர்த்து, கனடா போகும்போது என்னிடம் தந்தது. சென்ற வருடம் அவருடைய உறவினர் ஒருவர் ஊரில் காணியைத் துப்புரவாக்கி மறுபடி தோட்டம் தொடங்கியிருக்கிறார். அந்த இரகம் அங்கே இப்போது ஒருவரிடமும் இல்லையாம். வெள்ளவத்தையிலிருந்து இரவில் புறப்படும் யாழ்ப்பாண பஸ்ஸில் ஒரு போத்தல் கொடுத்துவிட்டேன். மூடியில் ஒட்டிய தாளில் எழுதினேன்: ஐப்பசி மழையைப் பார்த்துப் போடவும், கொழும்புக் கணக்கில் மாசியில் போட வேண்டாம், போட்டால் கோடை முழுக்க இறைக்க வேண்டி வரும். பந்தலை வடக்குத் தெற்காகக் கட்டவும். முதல் காயை விதைக்கு விடவும்.